முதல் பிரதியில் இல்லாதவன்

2015 ஜூலையில் ஹார்ப்பர் லீயின் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வெளியானபோது எல்லோரும் அட்டிகஸ் ஃபின்ச்சைப் பற்றித்தான் பேசினார்கள். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் ஒரு கறுப்பினத் தொழிலாளிக்காக ஊரையே பகைத்துக்கொண்டு வாதாடிய வக்கீல் அவர். இந்தப் பழைய தட்டச்சுப் பிரதியிலோ, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கூடாது என்பவர்களின் கூட்டத்தில் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வருடங்களாக அவரை நேசித்த வாசகர்களுக்கு அது தாங்க முடியாத அதிர்ச்சி. அந்தப் பரபரப்பில் இன்னொரு விஷயம் பெரிதாகப் பேசப்படவில்லை. அந்தப் பிரதியில் பூ ராட்லியே கிடையாது. மூடிக் கிடக்கும் வீடு கிடையாது. பரிசுப்பொருள்கள் வைக்கப்படும் ஓக் மரப்பொந்தும் கிடையாது.

‘வாட்ச்மேன்’தான் முதலில் எழுதப்பட்டது. அதிலிருந்து பிறந்தது ‘மாக்கிங்பேர்ட்’. அப்படியென்றால் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தில் வீட்டைவிட்டு வெளியே வராமலே பேர்போன அந்த மனிதன், 1957-க்கும் 1959-க்கும் இடையில், திருத்தி எழுதும்போதுதான் நாவலுக்குள் வந்திருக்கிறான். அட்டிகஸ் மாறியதைவிட பூ வந்து சேர்ந்ததுதான் அந்தப் புத்தகத்தைப் புத்தகமாக்கியது என்று நான் நினைக்கிறேன்.

அவனுக்கான மூலப்பொருள் மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே தயாராக இருந்தது. அலபாமா மாநிலத்தின் தென்பகுதியில் மன்ரோவில் என்ற சிற்றூர். 1926-இல் அங்கே பிறந்தவர் நெல் ஹார்ப்பர் லீ. அப்பா அமாசா கோல்மன் லீ வக்கீல், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், உள்ளூர்ப் பத்திரிகையான ‘மன்ரோ ஜர்னல்’ ஆசிரியர். பக்கத்து வீட்டில் தாய்வழி உறவினர்களிடம் விடப்பட்டிருந்தான் ட்ரூமன் என்ற சிறுவன். பின்னாளில் ட்ரூமன் கபோட்டி என்று உலகம் அறிந்த எழுத்தாளன். நாவலில் வரும் டில் அவன்தான்.

அதே தெருவில், பள்ளிக்கூடத்தை ஒட்டினாற்போல் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன் பதின்ம வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஏதோ குறும்பு செய்து நீதிபதி முன் நிறுத்தப்பட்டான். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்றார் நீதிபதி. அப்பா குறுக்கிட்டார். பையனைத் தன்னிடமே விட்டுவிடுங்கள், இனி அவனால் ஒரு தொந்தரவும் வராது என்று கேட்டுக்கொண்டார். நீதிபதி சம்மதித்தார். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அந்தப் பையனை ஊர் பார்ப்பது அரிதாகிவிட்டது. லீயின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் ஷீல்ட்ஸ் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் குடும்பத்தின் பெயர் இங்கே வேண்டாம். வாழ்நாள் முழுக்க அவரைப் பற்றி அடுத்தவர்கள் பேசியது போதும்.

கபோட்டி ஒரு பேட்டியில் சொன்னது இதைவிடச் சுவாரசியமானது. அந்த மனிதர் நிஜம்; எங்கள் தெருவில்தான் இருந்தார்; மரங்களில் பொருள்களை வைப்பார்; நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம் என்றார். தன் முதல் நாவலான ‘அதர் வாய்சஸ், அதர் ரூம்ஸ்’ (1948) எழுதியபோது ஆரம்பப் பிரதியில் தானும் அவரை வைத்திருந்ததாகவும், பிறகு எடுத்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். ஒரே தெரு, ஒரே மனிதர், பின்னாளில் எழுத்தாளர்களான இரண்டு குழந்தைகள். ஒருவர் அவரை எழுதிவிட்டு நீக்கினார். இன்னொருவருக்கு முதல் தடவை எழுதும்போது அவர் நினைப்பே வரவில்லை. கண்முன்னே பார்த்த ஆள் என்பதால் மட்டும் ஒரு பாத்திரம் கதைக்குள் வந்துவிடுவதில்லை. கதைக்கு அவர் தேவைப்பட வேண்டும்.

சட்டப் படிப்பைப் பாதியில் விட்ட லீ 1949-இல் நியூயார்க் போனார். விமான நிறுவனங்களில் டிக்கெட் முன்பதிவு செய்யும் வேலை. எழுத நேரம் இல்லை. 1956 கிறிஸ்துமஸ் அன்று அவருடைய நண்பர்களான மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் தம்பதி ஒரு வருடச் சம்பளத்துக்கு ஈடான பணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு எழுதுவதற்காக. அந்தப் பணத்தில் எழுதியதுதான் ‘வாட்ச்மேன்’. நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வரும் இருபத்தாறு வயது ஜீன் லூயிஸ், தான் தெய்வமாக நினைத்த அப்பாவின் நிறவெறி முகத்தைக் கண்டு உடைந்துபோகும் கதை. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 1955 டிசம்பரில் அதே அலபாமாவின் தலைநகர் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் கைதானார். பேருந்துப் புறக்கணிப்பு ஒரு வருடத்துக்கும் மேல் நடந்தது. 1956 பிப்ரவரியில் லீ படித்த அதே அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆதரீன் லூசி என்ற கறுப்பின மாணவி கால் வைத்ததும் வெள்ளையர் கும்பல் திரண்டது. பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது.

1957-இல் பிரதி லிப்பின்காட் பதிப்பகத்துக்குப் போனது. அங்கே டே ஹோஹாஃப் என்ற மூத்த பெண் ஆசிரியர் அதைப் படித்தார். இது முழு நாவலாகவில்லை, துணுக்குச் சம்பவங்களின் தொகுப்பாக நிற்கிறது என்பது அவர் கணிப்பு. ஆனால் நடுநடுவே ஜீன் லூயிஸ் தன் சிறுவயதை நினைத்துப் பார்க்கும் பகுதிகள் அவரை ஈர்த்தன. அந்தச் சிறுமியின் பார்வையிலேயே முழுக் கதையையும் எழுது என்றார். இரண்டு வருடத்துக்கு மேல் இருவரும் மல்லுக்கட்டினார்கள். ஓர் இரவு மனம் வெறுத்து, பிரதி முழுவதையும் ஜன்னல் வழியே பனியில் வீசிவிட்டு ஹோஹாஃபுக்கு லீ போன் செய்தார். உடனே போய்ப் பொறுக்கிக்கொண்டு வா என்று அவர் சொல்ல, லீ போய்ப் பொறுக்கினார்.

பார்வை மாறியதும் கதையின் கேள்வியே மாறிவிட்டது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குத் தப்பெண்ணம் என்பது மற்றவர்களிடம் இருப்பது. அப்பாவிடம், அத்தையிடம், காதலனிடம். அவள் சுத்தமானவள், அவர்கள் கறைபட்டவர்கள். அப்படி எழுதினால் கோபம் மிஞ்சும், கதை நகராது. ஆறு வயதுக் குழந்தையை மையத்தில் வைத்தால் நிறவெறியைப் பற்றி அவளால் விளக்கிச் சொல்லவும் முடியாது, கண்டிக்கவும் முடியாது. அவளுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: தெருக்கோடி வீட்டில் இருப்பவனைப் பார்த்துப் பயப்பட. அங்கேதான் பூ ராட்லி தேவைப்பட்டான். குழந்தையின் கைக்கு எட்டும் அளவில் ஒரு தப்பெண்ணம்.

நாவல் படித்தவர்களுக்கு அந்தக் கட்டுக்கதைகள் மறந்திருக்காது. பூ ஆறரை அடி உயரம். அணிலையும் பூனையையும் பச்சையாகத் தின்பான். அதனால் கையெல்லாம் ரத்தக்கறை. முகத்தில் நீளமான தழும்பு, மஞ்சள் பற்கள். ராட்லி வீட்டு மரத்துக் கொட்டைகள் பள்ளி மைதானத்தில் வந்து விழும். ஒரு பிள்ளையும் வாயில் வைக்காது. பந்து அந்த வளாகத்துக்குள் போனால் போனதுதான். இந்தப் பூச்சாண்டியை உருவாக்கியது யார்? பாதியைக் கொடுத்தவர் ஊர்வம்பு பேசும் மிஸ் ஸ்டெஃபனி க்ராஃபர்ட். மீதியை ஸ்கௌட் என்று அழைக்கப்படும் சிறுமி ஜீன் லூயிஸும் அவள் அண்ணன் ஜெம்மும் டில்லும் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். கோடை முழுக்க வீட்டு முற்றத்தில் ராட்லி குடும்பக் கதையை நாடகமாக நடித்தார்கள். வீட்டுக்குள்ளே அடைபட்ட ஒரு மனிதனின் துயரம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. வாசகர்களுக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது. நாமும் அவர்களோடு சேர்ந்து அந்த வேலிக்கு வெளியே நின்று, கதவு திறக்குமா என்று ஆவலோடு பார்க்கிறோம். லீயின் சாமர்த்தியம் இங்கே இருக்கிறது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்பே, வாசகனை அந்த நாடகத்தில் ஒரு பார்வையாளனாக உட்காரவைத்துவிடுகிறார்.

மன்ரோவில் பையனின் கதையில் ஒரு கொடுமையான திருகலையும் அவர் சேர்த்தார். நாவலில் ஆர்தர் ராட்லியோடு (பூவின் இயற்பெயர் அதுதான்) மாட்டிய மற்றப் பையன்கள் அரசின் தொழிற்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு அந்த மாநிலத்திலேயே நல்ல படிப்பு கிடைக்கிறது. ஒருவன் பொறியியல் வரை போகிறான். தண்டனையிலிருந்து அப்பா காப்பாற்றிக் கூட்டிவந்தவன் மட்டும் வீட்டுக்குள் புதைந்துபோகிறான். குடும்ப கௌரவம் என்ற பேரில் ஒரு பிள்ளைக்குச் செய்யப்படும் அநியாயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பக்கங்கள் எனக்குத் தெரிந்து குறைவு. வெள்ளையர்களைப் பற்றி வாயே திறக்காத சமையல்காரப் பெண் கல்பர்னியா, கிழவர் ராட்லியின் சவம் போகும்போது மண்ணில் எச்சில் துப்புகிறாள். எதிர்வீட்டு மிஸ் மௌடிக்கு மட்டும் ஆர்தரைச் சிறுவனாகத் தெரியும். மரியாதையாகப் பேசுகிற பையன் என்று அவர் நினைவில் இருக்கிறது. ஆனால் ஊரில் எடுபடுவது ஸ்டெஃபனியின் கதைதான்.

பிறகு மரப்பொந்தில் பொருள்கள் வருகின்றன. முதலில் சூயிங்கம். பிறகு பழைய இரண்டு செப்புக் காசுகள். நூல்பந்து. சோப்புக் கட்டியில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஒன்று பையன், ஒன்று பெண், தங்களைப்போலவே. ஒரு பதக்கம். ஓடாத பாக்கெட் கடிகாரம், சங்கிலியோடு. ஸ்கௌட் எல்லாவற்றையும் புதையலாகப் பார்க்கிறாள். அண்ணன் ஜெம் நாலு வயது மூத்தவன். அவன் மெல்ல மெல்லக் கணக்குப் போடுகிறான். கிழிந்து வேலியில் சிக்கிய தன் கால்சட்டையை எடுக்க இரவில் திரும்பிப் போனபோது அது தைக்கப்பட்டு, மடித்து வைக்கப்பட்டிருந்ததை அவன் உடனே யாரிடமும் சொல்லவில்லை. நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதி இருவரும் பொந்தில் வைக்கப் போகிறார்கள். பொந்து சிமென்ட் பூசி அடைக்கப்பட்டிருக்கிறது. மரம் நோயால் செத்துக்கொண்டிருக்கிறது, அதனால் அடைத்தேன் என்கிறார் பூவின் அண்ணன் நேதன். அந்த மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் அட்டிகஸ். அன்று மாலை இருட்டும்வரை ஜெம் திண்ணையில் தனியே நிற்கிறான். உள்ளே வரும்போது அவன் அழுதிருப்பதை ஸ்கௌட் பார்க்கிறாள். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்த நாவலில் வெள்ளந்தித்தனம் பறிபோகும் இடம் நீதிமன்றம் என்று பள்ளிப் பாடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது இந்தத் திண்ணைதான். தான் பயந்தவன் தனக்குப் பரிசு வைத்துக்கொண்டிருந்தான், அந்த ஒரே வழியையும் பெரியவர் ஒருவர் பொய் சொல்லி அடைத்துவிட்டார் என்று ஒரு சின்னப் பையன் கண்டுபிடிக்கிறான். வெளியே இருந்து யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. இந்தப் பாடத்தைப் படித்தவனைத்தான் லீ நீதிமன்ற மாடியில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்.

நாவலில் அட்டிகஸ் வாதாடும் டாம் ராபின்சன் வழக்குக்கும் ஊரில் மூலம் இருந்தது. லீக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது, மன்ரோவில்லில் வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர் வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு 1934-இல் மரண தண்டனை பெற்றார். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் அவருடைய மனநிலை குலைந்துவிட்டது, 1937-இல் இறந்தார். அதே மாநிலத்தில் 1931 முதல் ஸ்காட்ஸ்பரோ வழக்கு, இதே குற்றச்சாட்டில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள். லீயின் அப்பாவும் 1919-இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக, தந்தைக்கும் மகனுக்கும், வாதாடித் தோற்றிருந்தார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ‘வாட்ச்மேன்’ பிரதியில் இப்படி ஒரு வழக்கு ஒரு பழைய நினைவாக மட்டும் வந்துபோகிறது. அதில் அட்டிகஸ் ஜெயித்தும் விடுகிறார். மாற்றி எழுதும்போது லீ அந்தத் தீர்ப்பைத் திருப்பினார். பூ ராட்லி உள்ளே வந்த அதே திருத்தத்தில் டாமின் விடுதலை வெளியே போனது.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் லீ செய்தது புரியும். டாமை யாரும் நேரில் அறிய முயலவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே அவரைப் பற்றிய கதை ஊரில் தயார். இடது கை பருத்தி இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப்போனவர், இந்தக் குற்றத்தை எப்படிச் செய்திருக்க முடியும் என்று கண்முன்னே நிரூபித்தும், ஜூரிகள் கண்ணை நம்பாமல் கதையை நம்புகிறார்கள். முற்றத்தில் குழந்தைகள் நடித்த நாடகத்தையே பெரியவர்கள் சட்டப் புத்தகத்தோடு நடத்துகிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு ஜெம் சொல்லும் ஒன்று முக்கியமானது. பூ ஏன் வெளியே வரவில்லை என்று இப்போது புரிகிறது. அவர் உள்ளேயே இருக்க விரும்புகிறார் என்கிறான். அதுவரை அடைக்கப்பட்டவனாகத் தெரிந்த ஒருவர், ஊரைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டவராகத் தெரியத் தொடங்குகிறார்.

ஆனால் டாமும் பூவும் சமம் என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்கும் தீங்கு செய்யாமல் பாடும் பறவையைச் சுடுவது பாவம் என்ற உவமையில் இருவரையும் அடக்கிவிடுவது எளிது. இரண்டு பேரும் கேட்காமலே உதவி செய்தவர்கள்தான். பூ பொந்தில் வைத்தார், கிழிசலைத் தைத்தார், தெருவில் ஒரு வீடு தீப்பிடித்த இரவில் குளிரில் நின்ற ஸ்கௌட்டின் தோளில் அவளுக்கே தெரியாமல் போர்வையைப் போர்த்தினார். டாம், வயலுக்குப் போகும் வழியில், பிற்பாடு தன்மேல் பலாத்காரக் குற்றம்சாட்டிய மேயெல்லா யூவெல் கூப்பிட்டபோதெல்லாம் காசு வாங்காமல் விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்தார். ஏன் செய்தாய் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது அவளைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது என்றார். அந்த ஒரு சொல்தான் அவர் தலையில் விழுந்தது. ஒரு கறுப்பினத்தவர் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? பூவின் இரக்கம் நமக்குப் பரிசாகத் தெரிகிறது. டாமின் இரக்கம் அந்த ஊருக்குக் குற்றமாகத் தெரிந்தது. பூவுக்கு ஒளிந்துகொள்ள ஒரு வீடு இருந்தது. டாம் தினமும் யூவெல் வீட்டு வாசலைக் கடந்தே வேலைக்குப் போகவேண்டும்.

கடைசியில் மேயெல்லாவின் அப்பா பாப் யூவெல் குழந்தைகளைத் தாக்க வரும் இரவில் பூ வெளியே வருகிறார், யூவெல் சாகிறான். ஷெரிஃப் ஹெக் டேட் உண்மையை மூடிவைக்கிறார். யூவெல் தன் கத்தியிலேயே விழுந்து செத்தான் என்று எழுதிக்கொள்கிறார். கூச்ச சுபாவமுள்ள ஒரு மனிதரை ஊரின் வெளிச்சத்துக்கு இழுக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். படிக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. அடுத்த கணமே கேட்கத் தோன்றுகிறது: சட்டத்தை இரக்கத்தோடு வளைக்கத் தெரிந்த நாவலின் ஊரான இந்த மேகோம்ப், சில மாதங்களுக்கு முன்பு ஏன் வளைக்கவில்லை? சிறையிலிருந்து ஓட முயன்றபோது டாமின் உடலில் பதினேழு குண்டுகள். லீ இந்தக் கேள்வியை வாயால் கேட்கவில்லை. இரண்டு மரணங்களையும் ஒரே புத்தகத்தில் அருகருகே வைத்துவிட்டார். டாமுக்கும் அவர் குடும்பத்துக்கும் இன்னும் குரல் கொடுத்திருக்கலாம் என்ற விமர்சனம் நியாயமானது. பூவுக்குக் கிடைத்த நுணுக்கம் டாமுக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரவின் காட்சியில் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறார் பூ. ஆறரை அடி இல்லை, ரத்தக்கறை இல்லை. வெயிலே படாத வெளுத்த கைகள். ஸ்கௌட் அவரை மிஸ்டர் ஆர்தர் என்று அழைக்கிறாள். வீடுவரை கொண்டுபோய் விடச்சொல்லிக் குழந்தைபோலக் கேட்கிறார். அவள் கைப்பிடித்து இழுத்துப் போகவில்லை. அவர் கையை மடக்கச் சொல்லி, அதில் தன் கையைக் கோத்துக்கொள்கிறாள். ஜன்னல் வழியே ஸ்டெஃபனி பார்த்தால், ஒரு கனவான் ஒரு பெண்ணை உடனழைத்துப் போவதுபோலத் தெரியவேண்டுமாம். ஊர்வாயை முதன்முதலாக அவள் அவருக்குச் சாதகமாகத் திருப்புகிறாள்.

நாவல் 1960 ஜூலை 11 அன்று வெளிவந்தது. அடுத்த வருடம் புலிட்சர் பரிசு. 1962-இல் ராபர்ட் முல்லிகன் இயக்கத்தில் படமானது. பூவாக நடித்தவர் ராபர்ட் டுவால், அவருக்கு அதுதான் முதல் திரைப்படம். திரைக்கதை எழுதிய ஹார்ட்டன் ஃபூட் அவரை மேடையில் பார்த்துப் பரிந்துரைத்திருந்தார். படம் முழுக்க டுவாலுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

1964-க்குப் பிறகு லீ பேட்டி கொடுப்பதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். உடனே அவரைப் பற்றியும் கதைகள் கிளம்பின. அடுத்த புத்தகம் ஏன் வரவில்லை? முதல் புத்தகத்தையே கபோட்டிதான் எழுதிக்கொடுத்தாராமே? 1959-இல் கபோட்டி உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நெல் எழுதியவரை படித்துப் பார்த்ததாகவும் பிடித்திருந்ததாகவும் தெளிவாக இருக்கிறது. அது வெளியே வந்த பின்பும் வதந்தி முழுசாக அடங்கவில்லை. உலகத்துக்கு அவர் தலைமறைவான எழுத்தாளர். மன்ரோவில்காரர்களுக்கு அப்படி இல்லை. அக்கா ஆலிஸோடு தேவாலயத்துக்குப் போனார், மீன் பிடிக்கப் போனார், கடைத்தெருவில் காபி குடித்தார். 2016-இல் இறக்கும்வரை அந்த ஊர் அவரைத் தெரிந்துவைத்திருந்தது.

தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஓப்ரா வின்ஃப்ரி ஒருமுறை அவரை மதிய உணவுக்கு அழைத்து, எப்படியாவது ஒரு பேட்டி வாங்கிவிடப் பார்த்தார். எல்லோரும் என்னை ஸ்கௌட் என்று நினைக்கிறார்கள், நான் உண்மையில் பூ. பூவை உனக்குத் தெரியும் என்றால் நான் ஏன் பேட்டி தரமாட்டேன் என்பதும் தெரியும் என்ற பொருளில் லீ பதில் சொன்னதாக ஓப்ரா பிற்பாடு நினைவுகூர்ந்தார். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள்.